கன்னியம்மாவும் அறுபத்திரெண்டு பொண்ணுங்களும்

முப்பத்தோரு வயசுல ரிட்டயர் ஆன ஆளு ஒரகடம் சுத்துவட்டாரத்துலயே நான் ஒருத்தன்தான். பட்டாளத்துக்குப் போனவன்கூட என்னைவிட லேட்டாத்தான் பெட்டியோட வூட்டுக்கு வருவான். போன மாசம் எங்க லேப்ல எனக்கு மாலை போட்டாங்க. "ஊசிக்காரர் ஏசுபாதம் பணி நிறைவு விழா"ன்னு போர்டுல எழுதி வச்சாங்க. கேக்குக்குப் பதிலா பெரிய பன்னு ஒண்ணு வெட்டினாங்க. அதுவும் நியாயம்தான். பன்னை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுதான் ஒம்போது வருஷமா எனக்கு சோறு போடுது.

மறுநாள் காலைல அதே கம்பெனி பஸ்ல, அதே சீட்டுல குந்திகினு, அதே லேப்புக்கு வந்து எறங்கினேன். கேட்டுல நின்ன வாட்ச்மேன் அண்ணன், "இன்னாடா, நேத்துதான மாலை போட்டு அனுப்புனாங்க? ஆவியா வந்துகினியா?"ன்னாரு.

ரிட்டயர் ஆனது நான் இல்ல, என் ஊசி. நான் கையால செஞ்ச வேலைய இப்ப ஒரு மிஷின் கேமரா வச்சுகினு தானே செய்யுது. எனக்கு வேற வேலை குடுத்துட்டாங்க. அந்த மிஷினைப் பார்த்துக்கிறது திவ்யா. சுங்குவார்சத்திரத்துப் பொண்ணு, டிப்ளமா முடிச்சுட்டு நேரா வந்து சேர்ந்தது. அதுதான் ஒரு நாள் கேட்டுச்சு, "அண்ணா, கையால எப்படிண்ணா பண்ணீங்க? எழுதிக் குடுங்க. இல்லன்னா நீங்க இத்தினி நாளா சொன்னதெல்லாம் பீலான்னு நாங்க முடிவு பண்ணிடுவோம்."

அதான் எழுதுறேன். தப்பு இருந்தா என் தமிழ் வாத்தியாரைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

மொதல்ல வேலை இன்னான்னு சொல்லிடறேன். ஈஸ்ட்டுன்றது ஒத்தை செல்லு. கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்ல பார்த்தா கொழுக்கட்டை மாவை உருட்டி வச்ச மாதிரி உருண்டையா குந்திகினு இருக்கும். அதோட ஒடம்புல ஒரு ஓரமா மொட்டு வுடும். மொட்டு பெருசாயி, பிரிஞ்சு, தனியா போயிடும். பிரிஞ்சது பொண்ணு, நின்னது அம்மா. அம்மா மறுபடி மொட்டு வுடும். ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு பிரசவம். இப்படி இருபது, இருபத்தஞ்சு பெத்ததும் அம்மா டயர்டாயி நின்னுடும். அதுதான் அதோட ஆயுசு. ஒரு அம்மா எத்தினி பொண்ணு பெத்துச்சுன்னு எண்ணணும்னா, பொண்ணு பொறந்த உடனே அதைத் தள்ளி வுட்டுடணும். இல்லன்னா பொண்ணுங்க பேத்தி எடுத்து, பேத்தி கொள்ளுப்பேத்தி எடுத்து, ஊரே கூடிடும். அந்தத் தள்ளி வுடற வேலைதான் என் வேலை. ஒம்போது வருஷம் அம்மாவையும் பொண்ணையும் பிரிச்சே பொழப்பு நடத்தினேன். மாமியாருங்க பண்ற வேலைய நான் பண்ணேன்னு வச்சுக்கோயேன்.

நான் படிச்சது பத்தாவது, அதுவும் ரெண்டு தபா. ஐ.டி.ஐ. பாதி. அப்பால நெடுஞ்சாலை ஓரமா ஒரு போன் கம்பெனில ரிப்பேர் லைன். எறும்பு சைஸ் பார்ட்ஸை மைக்ராஸ்கோப்ல பார்த்து சோல்டரிங் வெக்கிறது. அந்த லைனை மூடினதும் இங்க பாட்டில் கழுவுற வேலைக்கு வந்தேன். வந்து நாலு மாசம் இருக்கும். பேச்சிக்கா ஊசியை ஒடைச்சுட்டு அழுதுகினு நின்னாங்க.

பேச்சியம்மாள், கோவில்பட்டிப் பக்கம். அப்போ ஆராய்ச்சி மாணவி. அந்த ஊசின்றது முடி மாதிரி ஒரு கண்ணாடி நூல். வெளிநாட்டுல இருந்து வரணும். வர ரெண்டு மாசம் ஆவும். அது அவங்க ஒடைச்ச மூணாவது.

"அக்கா, இது இன்டர்நெட் கேபிளுக்குள்ள வர்ற கண்ணாடி நூல் மாதிரியே கீதே"ன்னேன்.

"ஏல, ஒனக்கு என்ன தெரியும்? போய் பாட்டிலைக் கழுவுல."

ஒரகடம் ஜங்ஷன்ல கேபிள் ஒட்டுறவன் ஒருத்தன் எனக்கு தோஸ்து. அவன் வெட்டிப் போட்ட துண்டுல ரெண்டு சாண் வாங்கினு வந்தேன். மேல் தோலை உரிச்சு, நுனியை நேரா வெட்டி, கம்பியோட முனைல பசை போட்டு ஒட்டிக் குடுத்தேன். பேச்சிக்கா மாட்டிப் பார்த்தாங்க. அரை மணி நேரம் செல்லை நவுத்திகினே இருந்தாங்க. அப்பால, "எலேய், இன்னும் நாலு செஞ்சு தால"ன்னாங்க. அன்னியோட பாட்டில் போச்சு, ஊசி வந்துச்சு. ட்ரெய்னிங் கதை அவ்ளோதான்.

இப்ப மேடம் பத்திச் சொல்லணும். லேப்புக்குப் பெரியவங்க. சின்ன உருவம், பருத்திப் புடவை. தரை பெருக்கறவங்க உட்பட எல்லாரையும் "நீங்க"ம்பாங்க. கத்த மாட்டாங்க. கத்தினாக்கூடப் பரவால்லன்னு இருக்கும். போன் லைன்ல சூப்பர்வைசர் என் மூணு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். நான் சிரிச்சுகினே நிப்பேன். இவங்க கிட்ட அது வேகாது. நாம ஒண்ணு சொன்னா, கண்ணாடியைக் கழட்டுவாங்க. மேசைல கவுத்து வைப்பாங்க. நம்மளைப் பார்ப்பாங்க. டீக்கு சக்கரை போதுமான்னு கேக்கிற அதே குரல்ல, "எப்படித் தெரியும்?"னு கேப்பாங்க. அப்பால பதில் வர்ற வரைக்கும் காத்துகினு இருப்பாங்க. அவங்களுக்கு எந்த அவசரமும் இல்ல.

மொத வாரம் நான் மாட்டினேன். "பிரிட்ஜு நாலு டிகிரில கீது மேடம்."

"எப்படித் தெரியும்?"

"வெளிய மீட்டர்ல போட்டுகீது மேடம்."

"உள்ள?"

உள்ள ஒரு தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்தேன். ஏழு. அன்னில இருந்து நான் எதைச் சொன்னாலும் மனசுக்குள்ள மொதல்ல அந்தக் கண்ணாடி கவுந்துக்கும். எங்க வூட்டுல "சோறு வெந்துடுச்சு"ன்னு எங்கம்மா சொன்னாக்கூட "எப்படித் தெரியும்?"னு கேட்டுக் கரண்டியால அடி வாங்கி இருக்கேன்.

பேச்சிக்காவோட ஆராய்ச்சி இதுதான். செல்லுக்குள்ள புரோட்டீனுங்க தனித்தனியா சுத்திகினு இருக்கும். அதுல அஞ்சாறு ஒண்ணா குந்தி ஒரு கூட்டு சேரும். சேர்ந்தாத்தான் வேலை. அப்படி ஒரு கூட்டு, சாப்பாடு நெறைய கீதுன்னு தெரிஞ்சா "வளரு, வளரு"ன்னு செல்லை வெரட்டும். நம்ம ஒடம்புலயும் அதே மாதிரி கூட்டு கீதாம். பேச்சிக்கா அந்தக் கூட்டுல ஒரு புரோட்டீனோட கொக்கியை மாத்தி செஞ்சாங்க. கொக்கி சரியா மாட்டாது, லேசா ஆடும். வெரட்டல் கம்மியாவும். செல்லு நிதானமா வளரும். நிதானமா வளர்ந்தா ரொம்ப நாள் வாழுமா? இதுதான் கேள்வி. மாத்தாத ஈஸ்ட்டுக்கு நான் வச்ச பேரு சாதா. கொக்கி ஆடறதுக்கு லூசு. பேச்சிக்கா அதுக்கு இங்கிலீஷ்ல மொழ நீளத்துக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்க. ஒரு மாசத்துல அவங்களே "ஏல, லூசை வெளிய எடு"ன்னாங்க.

கையால பண்றது எப்படின்னு கேட்டல்ல திவ்யா, கேட்டுக்கோ. பிளேட்டுல கடல்பாசி ஜெல்லி மாதிரி ஒண்ணு, அதுல ஈஸ்ட்டுக்கு சாப்பாடு. பிளேட்டைக் கவுத்து மைக்ராஸ்கோப்ல வைக்கணும். ஊசி கீழ இருந்து மேல ஏறும். நுனி ஜெல்லியைத் தொட்டும் தொடாம நிக்கணும். அங்க ஒரு துளி ஈரம் கூடும், அந்த ஈரத்துல செல்லு ஒட்டிக்கும். ஊசியை எறக்கு, நவுத்து, ஏத்து, வுடு. பொண்ணு அம்மாவை வுடாம ஒட்டிகினு இருந்தா, ஊசியைப் பக்கத்துல வச்சுட்டு மேசையை ஒரு விரலால ஒரு தட்டு. அதிர்ச்சில பிரிஞ்சுடும். ஓங்கித் தட்டினா ரெண்டும் காணாம போயிடும். எவ்ளோ தட்டணும்னா, தூங்கற கொழந்தை கன்னத்துல கொசு அடிக்கிற அளவுக்கு.

ஒரு பிளேட்டுல நாப்பது அம்மா. வரிசையா குந்த வைப்பேன். அம்மா எப்பவும் இடது பக்கம், பொண்ணை வலது பக்கமா இழுப்பேன். அது என் பழக்கம். ஒரு பொண்ணு பொறந்தா தாள்ல ஒரு கோடு. பகல் பூரா ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தபா இந்த ரவுண்டு. சாயந்திரம் பிரிட்ஜுல வச்சா அதுங்க அப்படியே நின்னுடும், மறுநாள் வெளிய எடுத்தா விட்ட எடத்துல இருந்து பெத்துக்கும். நமக்கும் பஸ்ஸைப் புடிக்கணுமே.

மேடம் போட்ட சட்டம் ஒண்ணு கீது. எது அம்மா, எது பொண்ணுன்னு தெரியலன்னா, அந்த எடத்துல கோடு போடாத. வட்டம் போடு. வட்டம் போட்டா அந்த அம்மா அதுக்கு மேல கணக்குல கெடையாது. "தெரியலன்னா தெரியலன்னு எழுதறதும் ஒரு தகவல்தான்"ம்பாங்க. எனக்கு அது சுத்தமா புடிக்காது. பத்து நாள் பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒரு வட்டம் போட்டுத் தூக்கி எறியறதா?

அம்மாங்களுக்கெல்லாம் நான் பேரு வைப்பேன். இந்தக் கதைல வர்ற பிளேட்டுல பதினேழாவதுக்குப் பேரு கன்னியம்மா. சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பாண்ட டீக்கடை வச்சிருக்கிற கன்னியம்மாக்கா பேரு அது. காலைல நாலு மணிக்கு அடுப்பு பத்த வச்சா ராத்திரி கடை சாத்தற வரைக்கும் நின்ன எடத்துலயே நிப்பாங்க, டயர்டே ஆவ மாட்டாங்க. நானும் பேச்சிக்காவும் பஸ் ஏறறது அங்கதான். "இன்னாடா, என் பேருல ஒரு பூச்சி வளர்க்கிறியாமே, எத்தினி பெத்துச்சு?"ன்னு தெனம் கேப்பாங்க.

பிளேட்டுங்கள்ல எது சாதா, எது லூசுன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க. மேலே வெறும் நம்பர் ஒட்டி இருக்கும். எந்த நம்பர் எதுன்றது மேடம் டிராயர்ல கீற சீட்டுலதான். வேலை செய்யறவனுக்குத் தெரிஞ்சா, ஒரு பக்கம் சாஞ்சுடுவான்றதால. ஆனா எனக்குத் தெரியும். லூசு சாதாவைவிட சின்னதா இருக்கும், மெதுவா பெக்கும். மைக்ராஸ்கோப்ல கண்ணு வச்ச அஞ்சாவது நிமிஷம் கண்டுபுடிச்சுட்டேன். பெருமையா இருந்துச்சு. யார் கிட்டயும் சொல்லல.

இப்ப கேஸுக்கு வரேன்.

அன்னிக்கு ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் காவடிக் கூட்டம், ரோடு பூரா மஞ்சள். மத்தியானமே சொல்லிட்டாங்க, பஸ்ஸை அஞ்சரைக்குப் பதிலா நாலரைக்கே எடுத்துடுவோம்னு. நான் அந்த ரவுண்டை அரை மணி லேட்டா ஆரம்பிச்சிருந்தேன். காரணம் கேட்டா, கேன்டீன்ல கேரம் போர்டு. பதினேழாவதுக்கு வரும்போது டிரைவர் ஹாரன் அடிச்சுகினு இருந்தாரு.

கன்னியம்மா அதுவரைக்கும் இருபத்தெட்டு பெத்திருந்தா. இருபத்தொம்போதாவது ஏற்கெனவே பிரிஞ்சு கெடந்துச்சு. லேட்டா வந்தா அப்படித்தான். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, ஒரே சைஸு. வயசான அம்மாங்க சில நேரம் பெரிய பொண்ணா பெத்துப் போடும். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு கெடந்துச்சு, இடதும் இல்ல வலதும் இல்ல. வட்டம் போடணும். எனக்கே தெரியும், வட்டம் போடணும்.

ஆனா அது லூசு பிளேட்டு. அதுல ஏற்கெனவே ஆறு வட்டம் விழுந்திருந்துச்சு. அடுத்த வாரம் மேல இருந்து அஞ்சு பேரு வந்து குந்தற மீட்டிங். பேச்சிக்காவோட ஆராய்ச்சி நடக்கணுமா, நிறுத்தணுமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. நிறுத்தினா அக்கா மூட்டையைக் கட்டிகினு கோவில்பட்டிக்குப் போவணும். மூணு வருஷ வேலை. நான் மேல கெடந்ததைப் பார்த்தேன். நல்லா தளதளன்னு இருந்துச்சு. "நீதான்டி கன்னியம்மா"ன்னு சொல்லிட்டு, கீழ கெடந்ததைத் தூக்கிக் குப்பைல வுட்டேன். தாள்ல கோடு போட்டேன். ஓடிப் போயி பஸ் ஏறினேன்.

மறுநாள்ல இருந்து கன்னியம்மா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டா. முப்பது. முப்பத்தஞ்சு. நாப்பது. கூடக் கீறவளுங்க ஒவ்வொருத்தியா சுருங்கி, சொரசொரப்பாயி, நின்னுட்டாளுங்க. இவ மட்டும் டாண் டாண்ணு பெத்துகினே இருந்தா. நாப்பத்தஞ்சுல லேப்பே கூடிடுச்சு. ஐம்பதுல பேச்சிக்கா எல்லாருக்கும் கடலை மிட்டாய் குடுத்தாங்க. பேச்சிக்கா மீட்டிங்குக்குத் தயார் பண்ண படங்கள்ல மொத படமே கன்னியம்மாதான். "ஏல பாதம், ஒன் கைதாம்ல ராசி"ன்னாங்க.

நாப்பதுலயே நான் அந்தக் கிருத்திகை நாள் கோட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சேன். வயசான அம்மா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? ஒடம்பு பெருக்கும், வேகம் கொறையும். இவ கிருத்திகைக்கு மறுநாளே இளைச்சு, வேகம் புடிச்சா. ஊரே கன்னியம்மா கன்னியம்மான்னு கொண்டாடுது, ஆனா அவளை எங்க வுட்டேன்னு எனக்குத்தான் சந்தேகம். நான் ஒருத்தன் வாயை மூடிகினு இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல. அதான் பேஜாரு. திட்டறவன் யாராவது இருந்தா சமாளிச்சுடலாம்.

அறுபத்தொண்ணு ஆன மறுநாள் காலைல, டீக்கடைல வச்சு பேச்சிக்கா கேட்டாங்க, "என்னல, மூஞ்சி செத்த எலி மாதிரி இருக்கு? நக்கலும் இல்ல, நையாண்டியும் இல்ல. காதல்ல விழுந்துட்டியோ?"

"அக்கா, கன்னியம்மா செத்துட்டான்னு நெனைக்கிறேன்."

டீ ஆத்திகினு இருந்த கன்னியம்மாக்கா, "டேய், காலங்காத்தால இன்னா பேச்சு பேசற!"ன்னு கரண்டியை ஓங்கினாங்க.

"நீ இல்லக்கா. பூச்சி."

அங்கயே, கையில டீயோட சொல்லிட்டேன். ஹாரன், கேரம் போர்டு, மேல, கீழ, எல்லாத்தையும். எது லூசுன்னு எனக்கு மொதல்ல இருந்தே தெரியும்றதையும் சேர்த்து. பேச்சிக்கா கையில இருந்த டீ ஆறி ஆடை கட்டிடுச்சு. பஸ் வந்துச்சு. தெனம் என் பக்கத்து சீட்டுல குந்தறவங்க, மூணு சீட்டு தள்ளிக் குந்தினாங்க. எங்க போன் லைன்ல இருந்த ஒருத்தன், இப்ப இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனில கதவு மாட்றவன், சொல்லுவான்: தப்பா மாட்டின போல்ட்டு உள்ள இருக்கிற வரைக்கும்தான் பயம், வெளிய சொல்லிட்டா அது வெறும் போல்ட்டுதான்னு. பொய் சொல்லிகீறான். எனக்கு அப்பத்தான் பயமே அதிகமாச்சு.

எறங்கும்போது பேச்சிக்கா திரும்பிப் பார்த்தாங்க. "வால, மேடம்கிட்ட போவோம். ரெண்டு பேருமா."

மேடம் ரூம்ல நான் சொல்லி முடிச்சேன். கண்ணாடி கழண்டுச்சு. கவுந்துச்சு.

"நீங்க வச்சுக்கிட்டது பொண்ணுதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். அம்மாவான்னும் தெரியாது. தெரியாதுன்றதைத்தான் சொல்ல வந்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். அப்பால அதே சக்கரைக் குரல்ல, "தெரிஞ்சுக்க வழி இருக்கே"ன்னாங்க.

ஒவ்வொரு பொண்ணு பிரியும்போதும் அம்மா ஒடம்புல ஒரு வட்ட வடு விழும். அழியாது. ஒரு தபா மொட்டு வுட்ட எடத்துல மறு தபா வுடாது. ஒரு சாயம் கீது, அதைப் போட்டுத் தனி வெளிச்சத்துல பார்த்தா வடு மட்டும் நீலமா மின்னும். எண்ணிடலாம். அவ நெசமான கன்னியம்மான்னா அறுபத்துச் சொச்சம் வடு இருக்கணும். இருபத்தொம்போதாவது பொண்ணுன்னா, அதுல பாதிதான். ஆனா சாயம் போட்டா அவ்ளோதான், அதுக்கப்பால அவளை எண்ண முடியாது. அவ இன்னும் பெத்துகினு இருந்தா. நூறு பெத்தாலும் பெப்பா.

"உங்க ஆராய்ச்சி, பேச்சியம்மாள். நீங்க சொல்லுங்க"ன்னாங்க மேடம்.

பேச்சிக்கா கையில அந்த மொத படத்தைப் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாங்க. அதை ரெண்டா மடிச்சாங்க, நாலா மடிச்சாங்க. "கெழவியா கொமரியான்னு பாத்துருவோம் மேடம்"ன்னாங்க.

அன்னிக்கு மத்தியானம் கன்னியம்மா அறுபத்திரெண்டாவதைப் பெத்தா. அதைப் பிரிச்சு வுட்டேன், கோடு போட்டேன். பக்கத்துல ஒரு செல்லும் இல்லாம சுத்தம் பண்ணேன். அவ குந்தி இருந்த எடத்தை ஜெல்லியோட சேர்த்து சதுரமா வெட்டினேன், தக்காளி விதை அளவு. அதைக் கண்ணாடித் துண்டுல வச்சு, சாயக் குழாயைக் கையில எடுத்தேன். பேச்சிக்கா என் முழங்கையைப் புடிச்சுகினாங்க. "ஆடாத. ஆடுனா கொன்னுருவேன்"ன்னாங்க. ஒரு சொட்டு வுட்டேன்.

ரூமை இருட்டாக்கிட்டு மூணு பேரும் பார்த்தோம். கறுப்புல நீல நீலமா வளையம். கோயில் கோபுரத்துல சீரியல் லைட்டு போட்ட மாதிரி. அவ்ளோ அழகா ஒரு செல்லை நான் பார்த்ததே இல்ல. உருண்டைதானே, ஃபோகஸைத் திருகித் திருகி மேல் பக்கம், நடுவுல, கீழ் பக்கம்னு எண்ணணும். மேடம் சொன்னாங்க, யாரும் வாய் தொறக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதுங்கன்னு. எழுதினோம். பிரிச்சாங்க. என் சீட்டுல முப்பத்திமூணு. பேச்சிக்கா சீட்டுல முப்பத்தொண்ணு. மேடம் சீட்டுல முப்பத்திநாலு.

அறுபத்திரெண்டுல இருபத்தொம்போது போனா முப்பத்திமூணு. கணக்குல பெயிலான எனக்கே ஒடனே வந்துச்சு. நான் தூக்கிக் குப்பைல வுட்டதுதான் கன்னியம்மா. பத்து நாளா ஊரே கொண்டாடினது அவ பொண்ணை.

"ஸாரிக்கா"ன்னேன். அதைச் சொல்லும்போதுதான் தெரிஞ்சுச்சு, நான் நக்கல் பண்ணாம அவங்க கிட்ட பேசின மொத வார்த்தை அது.

பேச்சிக்கா என் மண்டைல ஃபைலால ஒரு போடு போட்டாங்க. "கேரம் போர்டாடா ஒனக்கு? ஆறு மாசத்துக்கு அந்தப் பக்கம் போனன்னா காலை ஒடிப்பேன்"ன்னாங்க. அந்த அடி விழுந்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மேடம் திட்டவே இல்ல. "எது எந்த ஈஸ்ட்டுன்னு நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அது என் தப்பு"ன்னாங்க. சொல்லிட்டு ரெண்டு வாரத்துல அதுக்கு மருந்து கண்டுபுடிச்சாங்க. மூணாவதா ஒரு ஈஸ்ட்டு. அதுவும் லூசு மாதிரியே சின்னது, லூசு மாதிரியே மெதுவா பெக்கும். ஆனா அந்தக் கூட்டுல கை வெக்காதது, வேற காரணத்தால மெதுவா போறது. என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. அதுக்கு நான் டூப்புன்னு பேரு வச்சேன். இனிமே நான் யார் பக்கமாவது சாயணும்னு நெனைச்சாலும் எந்தப் பக்கம்னு தெரியாது. கில்லாடி மேடம்.

மீட்டிங்குல பேச்சிக்கா மொத படத்தை எடுத்துட்டாங்க. அந்த எடத்துல நீல வளையத்தைப் போட்டாங்க. "நாங்க தப்பு பண்ணோம், இப்படிக் கண்டுபுடிச்சோம், மறுபடி மொதல்ல இருந்து பண்ணப் போறோம்"னு சொன்னாங்களாம். என் பேரைச் சொல்லல, "நாங்க"ன்னாங்க. அஞ்சு பேருல ஒருத்தரு மூஞ்சியைச் சுளிச்சாராம். ஒருத்தரு மட்டும் அந்த நீலப் படத்தை மறுபடி காட்டச் சொன்னாராம். கடைசில, செஞ்சு காட்டுங்க, அப்பால பேசுவோம்னு ஆறு மாசம் குடுத்தாங்க.

அந்த ஆறு மாசம் நான் போட்ட வட்டத்தை அடுக்கினா திருப்பதிக்கே லட்டு சப்ளை பண்ணலாம். சந்தேகமா, வட்டம். லேட்டா, வட்டம். அழுதுகினே வட்டம். பேரு வெக்கிறதைக்கூட நிறுத்திட்டேன்.

கடைசி அம்மா நின்ன அன்னிக்கு மேடம் டிராயரைத் தொறந்து சீட்டை எடுத்தாங்க. எட்டு பிளேட்டு. ஒவ்வொரு நம்பரா படிச்சாங்க. பேச்சிக்கா எதிர்ல அந்தந்த பிளேட்டோட கோடு எண்ணிக்கையைச் சொன்னாங்க. சாதா எப்பவும் போல. டூப்பும் சாதா மாதிரியேதான், ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய. லூசு மட்டும், மூணு பிளேட்டுலயும், நாலஞ்சு பொண்ணு அதிகம். அறுபது இல்ல, எழுபது இல்ல. நாலஞ்சு. ஆனா மூணு பிளேட்டுலயும்.

மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் புடிச்சுகினோம். தொடைச்சுட்டு மறுபடி மாட்டிகினாங்க. அவ்ளோதான். கேள்வி இல்ல. பேச்சிக்கா "ஏல, பாத்தியால!"ன்னு கத்தினது கேட்டு வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்துட்டாரு, தீ புடிச்சுகிச்சுன்னு.

சாயந்திரம் டீக்கடைல கன்னியம்மாக்கா கேட்டாங்க, "கடைசில என்னை எங்கடா போட்ட?"

"குப்பைலக்கா."

"போயும் போயும் குப்பைலயா! அங்க எத்தினி பெத்தேனோ என்னவோ"ன்னு சொல்லிகினே டீல ஒரு ஸ்பூன் சக்கரை அதிகமா போட்டுக் குடுத்தாங்க.

பேச்சிக்கா இப்ப டாக்டர் பேச்சியம்மாள். பக்கத்து ரூம்ல தனி போர்டு. இந்த மிஷின் வாங்கணும்னு எழுதிக் கேட்டதே அவங்கதான். என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு, மாலையும் அவங்களே போட்டாங்க.

மிஷின் நல்லாத்தான் கீது. சின்னச் சின்னப் பள்ளம், ஒரு பள்ளத்துல ஒரு அம்மா. தண்ணி ஓடிகினே இருக்கும், பொண்ணை அடிச்சுகினு போயிடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போட்டோ. பிரிட்ஜுல வெக்க வேணாம், பஸ்ஸுக்கு ஓட வேணாம்.

நேத்து மத்தியானம் திவ்யா ஓடி வந்துச்சு. "அண்ணா, சீக்கிரம் வாங்க! ஒண்ணு எழுபது தாண்டிடுச்சு! இன்னும் நிக்கல!"

எனக்குக் காதுல பழைய பஸ் ஹாரன் அடிச்சுச்சு. போயி பக்கத்துல குந்தினேன். "எழுபதும் ஒரே அம்மாதான்னு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன். கேட்ட பின்னாடிதான் என் கை சட்டைப் பையில கண்ணாடியைத் தேடறது தெரிஞ்சுச்சு. எனக்குக் கண்ணாடியே கெடையாது.

போட்டோவை ஒண்ணொண்ணா பின்னால தள்ளினோம். முப்பத்தாறாவது கிட்ட நிறுத்தச் சொன்னேன். ஒரு போட்டோல பள்ளத்துல பெரிய அம்மா, வாசல்ல பொண்ணு. அடுத்த போட்டோ மங்கலா ஒரு குமிழி. அதுக்கு அடுத்ததுல உள்ள ஒண்ணே ஒண்ணு குந்திகினு கீது. தண்ணி யாரை இழுத்துகினு போச்சு, யாரை வுட்டுட்டுப் போச்சு, ஒண்ணும் தெரியல.

"மிஷினுக்கும் ஹாரன் அடிக்கும் போல கீது"ன்னேன்.

திவ்யாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எழுபதுண்ணா… ஒரு வாரமா பார்த்துகினே இருந்தேன்ணா. பேரெல்லாம் வச்சேன்."

"இன்னா பேரு?"

தலையைக் குனிஞ்சுகிச்சு. "உங்க பேருதான்."

"அடிப்பாவி! வர்ற தையில எனக்குக் கல்யாணம். நான் எழுபது பெத்துட்டேன்னு பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சா பந்தக்காலைப் புடுங்கிடுவாங்க. போடு வட்டம்!"

சிரிச்சுகினே, கண்ணைத் தொடைச்சுகினே, திவ்யா வட்டம் போட்டுச்சு. நல்லா ரவுண்டா, அழகா.